பைக்குத் தனியாகக் காசு வாங்குவது நியாயமா, அதனால் பிளாஸ்டிக் குறைகிறதா?

"சூப்பர் மார்க்கெட்டில் இவ்வளவு தொகைக்குப் பொருள் வாங்கிய பிறகும் பைக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். அந்தப் பையின் மேல் தங்கள் கடையின் பெயரையும் அச்சிட்டுக்கொள்கிறார்கள். இது சுற்றுச்சூழலுக்காகவா, கடைக்காரரின் லாபத்துக்காகவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகள் ஒரு பெரிய கடையில் பில் போடும் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காசு வாங்குவது சரி என்பதுதான் என் முடிவு. ஆனால் அந்தக் காசு செய்து முடிக்கும் வேலை மிகச் சிறியது. அதற்கு அப்பால் நடப்பதை யாரும் கவனிக்காவிட்டால், மெல்லிய பை போய்க் கனத்த பை வந்தது என்பதோடு விஷயம் நின்றுவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். இலவசப் பை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பைக்கான செலவு மற்றப் பொருள்களின் விலைக்குள் கரைந்திருந்தது. வீட்டிலிருந்து பை கொண்டுவந்தவர், கொண்டுவராதவருக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் உண்மை நிலை. இப்போது அந்தச் செலவு பில்லில் தனி வரியாக வந்து கண்ணில் படுகிறது, அதனால் உறுத்துகிறது.

காசு வாங்குவதற்கு முன்பும் பின்பும் பில் கவுண்டரில் என் கைகள் எப்படி வேலை செய்தன என்பதைச் சொன்னால் காரணம் விளங்கும். பை இலவசமாக இருந்த நாள்களில், வாடிக்கையாளர் பணத்தை எடுப்பதற்கு முன்பே கம்பியில் தொங்கும் கட்டிலிருந்து ஒரு பையை உருவி, விரல் நுனியை ஈரப் பஞ்சில் தொட்டு, வாயைப் பிரித்துவிடுவேன். சோப்புக்குத் தனிப் பை, உண்ணும் பொருளுக்குத் தனிப் பை, கண்ணாடிப் புட்டிக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை. ஒரே ஒரு பல்துலக்கி வாங்கியவருக்கும் ஒரு பை. அவர் கேட்டிருக்க மாட்டார், நானும் யோசித்திருக்க மாட்டேன். கட்டணம் வந்த அன்று மாறியது ஒன்றே ஒன்றுதான்: "பை வேண்டுமா?" என்று நான் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது. பெரிய தொகைக்குப் பொருள் வாங்கியவர்கள்கூடப் பையின் சொற்ப விலையைக் கேட்டு, "வேண்டாம், அப்படியே கொடுங்கள்" என்றார்கள். ஒருவர் ஆறேழு பொட்டலங்களை மார்போடு அணைத்து, மேலே இருந்ததைத் தாடையால் அழுத்திப் பிடித்தபடி கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனதை இன்னும் மறக்கவில்லை. அவரால் கொடுக்க முடியாத காசு இல்லை அது. எனக்குப் பழக்கமாகவே கைக்கு வந்த ஒரு செயல், அவர் முடிவெடுக்க வேண்டிய செயலாக மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இது என் கவுண்டரில் மட்டும் நடந்த ஒன்று இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரை ஒட்டிய மான்ட்கோமரி மாவட்டத்தில் 2012-இல் ஒரு பைக்கு 5 சென்ட் வரி வந்தபோது, தாட்டியானா ஹோமோனாஃப் என்ற பொருளியலாளர் ஒன்றைக் கவனித்தார். சில கடைகள் அதற்கு முன்பே சொந்தப் பை கொண்டுவந்தால் அதே 5 சென்ட்டைப் பில்லில் கழித்துக்கொண்டிருந்தன. அந்தச் சலுகையால் வாடிக்கையாளர்களின் நடத்தையில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. வரியாக வந்தபோதோ, ஒரே முறை பயன்படுத்தி எறியும் பைகளை எடுப்பவர்களின் பங்கு 40 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறைந்தது. தொகை இரண்டிலும் ஒன்றேதான். கிடைக்கும் காசைவிடக் கையை விட்டுப் போகும் காசு மனிதனைக் கூடுதலாக உறுத்துகிறது. ஆகையால் "பை கொண்டுவருகிறவர்களுக்குத் தள்ளுபடி கொடுக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு என் பதில், கொடுக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம் என்பதுதான்.

நாடு தழுவிய அளவிலும் இதற்குச் சான்று இருக்கிறது. அயர்லாந்து 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 சென்ட் விதித்தது. அதற்கு முன் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 328 பைகள் வாங்கிய நாட்டில் அந்த எண்ணிக்கை 21-க்கு இறங்கியது. பிறகு பழகிப்போய் மெல்ல மேலே ஏறத் தொடங்கியதும், 2007-இல் கட்டணத்தை 22 சென்ட்டாக உயர்த்தினார்கள். இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் பெரிய கடைகளில் 5 பென்ஸ் கட்டணம் வந்தது. முன்னணிப் பல்பொருள் அங்காடிகளில் ஒருவர் ஆண்டுக்கு 140 பைகள் எடுத்த நிலை மாறி, 2019-20 வாக்கில் 4 பைகள் என்றானது. 2021 மே மாதத்தில் கட்டணத்தை 10 பென்ஸ் ஆக்கி, சிறிய கடைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இதற்கு நேர்மாறான பாடம் தென்னாப்பிரிக்காவினுடையது. 2003-இல் அங்கே கட்டணம் வந்தவுடன் பைகளின் எண்ணிக்கை சடாரென்று விழுந்தது. கொஞ்ச காலத்தில் விலை குறைக்கப்பட்டது, மக்களுக்கும் அது பழகிவிட்டது, வாங்குவது மறுபடி ஏறிவிட்டது. உறுத்தும் வரைக்கும்தான் கட்டணத்துக்கு வேலை.

இதுவரை சொன்னதெல்லாம் பைகளின் எண்ணிக்கையைப் பற்றியது. பிளாஸ்டிக்கை எடை போட்டுப் பார்த்தால் கணக்கு அவ்வளவு இனிமையாக இல்லை. இங்கிலாந்தில் மெல்லிய பை மறைந்த இடத்தில், பல முறை பயன்படுத்தும்படி தடிமனாகச் செய்த பை வந்தது. சாதாரண மெல்லிய பையின் எடை சுமார் 8 கிராம் என்றால் இதன் எடை 35 கிராம் வரை போகும், அதாவது நான்கு மடங்குக்கு மேல். நான்கைந்து முறை எடுத்து வந்தால் சரிக்குச் சரி ஆகிவிடும் என்பதுதான் எண்ணம். மக்கள் அதையும் மறந்துவிட்டு வந்து, ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கினார்கள். 2019-இல் ஒரு வீட்டுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட கனத்த பைகள் விற்றிருந்தன. வாரத்துக்கு ஒன்று வாங்குகிற பையைப் பல முறை பயன்படுத்தும் பை என்று எப்படிச் சொல்வது?

கலிபோர்னியாவில் இந்த ஓட்டை சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 2016-இல் மக்கள் வாக்கெடுப்பில் உறுதியான அந்தச் சட்டம் மெல்லிய பையைத் தடை செய்தது. ஆனால் குறிப்பிட்ட தடிமனுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் பையைக் குறைந்தது 10 சென்ட்டுக்கு விற்கலாம் என்று அனுமதித்தது. கனத்த பையை வாங்கியவர்கள் மெல்லிய பையைப் போலவே ஒரே முறை பயன்படுத்தி எறிந்தார்கள். கடைசியில் 2024-இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து, 2026 முதல் கனத்த பைகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. ரெபெக்கா டெய்லர் என்ற ஆய்வாளர் அதே மாநிலத்தில் வேறொன்றையும் கண்டார். கடைப் பையை வீட்டுக் குப்பைத் தொட்டிக்கு உறையாகப் போட்டவர்கள், அது கிடைக்காமல் போனதும் கடைக்குப் போய்க் குப்பைப் பை வாங்கினார்கள். தடையால் மிச்சமான பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய 30 சதவீதம் இந்த வழியில் திரும்பி வந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதுவேதான் நடந்தது. சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் ஒரு பைக்குள் நூறு பை அடைத்துத் தொங்கவிட்டிருந்தோம். அது தீர்ந்த மாதம் முதல்முறையாகக் குப்பைப் பைச் சுருள் ஒன்று வாங்கினோம். ஆனாலும் 30 போக மீதி 70 மிச்சம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் துணிப்பைதானே விடை என்று கேட்பீர்கள். விடைதான், ஒரே பையைப் பல ஆண்டுகள் எடுத்துப் போனால். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பத்தின் மீதான பாதிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். நெய்யாத பாலிபுரொப்பிலீன் பைக்கு (துணி போலத் தோன்றும் ஒருவகைப் பிளாஸ்டிக் பை) 11 முறை, காகிதப் பைக்கு 3 முறை போதும். பருத்தி விளைவிக்க ஆகும் நீர், உரம், மருந்து, ஆலையின் மின்சாரம் எல்லாம் ஒரு பையின் தலையில் வந்து விடிகின்றன. டென்மார்க்கில் 2018-இல் வந்த ஆய்வு சொன்ன எண்ணிக்கை இன்னும் பெரியது. இயற்கை முறையில் விளைந்த பருத்திப் பையை 20,000 முறை பயன்படுத்த வேண்டும் என்பது அங்கிருந்துதான் பரவியது. ஆனால் அது எல்லா அளவுகோல்களிலும் மிக மோசமானதை, முக்கியமாக ஓசோன் படலத்தின் பாதிப்பை, வைத்துச் சொன்ன எண். அதே ஆய்வு, புவி வெப்பம் மட்டும் என்றால் 149 முறை போதும் என்கிறது. அந்த 20,000-ஐ மட்டும் உருவி எடுத்து, "பிளாஸ்டிக்கே மேல்" என்று பரப்புகிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

அந்த 131 என்ற எண்ணைப் படித்த பிறகு, என்னிடம் இருந்த ஒரு பருத்திப் பையின் உள்மடிப்பில் ஒவ்வொரு முறையும் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட ஆரம்பித்தேன். ஐந்தாவது கோட்டைக் குறுக்காக இழுக்கிற அந்தப் பழைய முறைதான். இப்போது 94 ஆகியிருக்கிறது. நடுவில் ஒரு காது பிய்ந்து, தைத்தேன். இரண்டு முறை துவைத்ததில் முதலில் போட்ட கோடுகள் மங்கிவிட்டன, ஆகவே ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். ஆகையால் விழாவுக்கும் கருத்தரங்குக்கும் போகிற இடங்களில் கையில் திணிக்கும் துணிப்பைகளை நான் வாங்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பைக்கே 37 நடை பாக்கி இருக்கும்போது அலமாரியில் இன்னொன்று எதற்கு?

இந்த ஆய்வுகள் எடுத்துக்கொள்ளாத ஒன்றும் உண்டு. கண்ட இடத்தில் எறியப்பட்ட பை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை இவற்றின் எண்கள் சொல்வதில்லை. பருத்தித் துணி மக்கிவிடும். பாலித்தீன் காற்றில் பறந்து, கால்வாயை அடைத்து, கடலில் துண்டு துண்டாகச் சிதறும். 1988, 1998 ஆண்டுகளில் வந்த பெருவெள்ளங்களில் வடிகால்களை அடைத்த பொருளாகப் பிளாஸ்டிக் பையைக் கண்டதால்தான், வங்கதேசம் 2002-இல் உலகிலேயே முதல் நாடாக மெல்லிய பைகளைத் தடை செய்தது. அமெரிக்கக் கரைகளில் தன்னார்வலர்கள் பொறுக்கிய குப்பையின் பதிவுகளை வைத்து 2025-இல் வெளியான ஒரு ஆய்வு, தடையோ கட்டணமோ வந்த இடங்களில் மொத்தக் குப்பையில் பைகளின் பங்கு, அவை இல்லாத இடங்களோடு ஒப்பிட 25 முதல் 47 சதவீதம் வரை குறைந்திருந்ததாகக் காட்டியது. மறுசுழற்சிக்குப் போட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மெல்லிய பைகள் தரம் பிரிக்கும் இயந்திரங்களின் உருளைகளில் தலைமுடி போலச் சுற்றிக்கொள்கின்றன, ஆள் இறங்கி அறுத்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். லாபம் யாருக்கு என்பது, வசூலாகும் காசு எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. அயர்லாந்தில் அது வரி, சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கிய அரசு நிதியில் சேர்கிறது. இங்கிலாந்தில் அது வரி இல்லை, காசு கடையிடமே இருக்கும். செலவு போக மீதியை நற்பணிகளுக்குக் கொடுப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு மட்டுமே. எந்தச் சட்டமும் இல்லாத இடத்தில் ஒரு கடை தானாகக் காசு வாங்கினால், அது எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் கேளுங்கள். கைப்பிடிப் பைக்குக் காசு வாங்கும் அதே கடையில், காய்கறிப் பகுதியில் சுருளிலிருந்து கிழித்தெடுக்கும் உறைக்குக் காசு இல்லை. நாலு பழத்தைத் தட்டில் வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடியிருக்கிறார்கள். கிடங்குக்கு வரும் பெட்டிகள் எல்லாம் மேலே பிளாஸ்டிக் சுற்றி வருகின்றன. நாள் முடிவில் பின்பக்கம் நாங்கள் மூட்டை கட்டிய பிளாஸ்டிக்கைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகும் கைப்பிடிப் பை அதில் ஒரு சிறு பங்குதான். பை விஷயத்தில் பொறுப்பு வாடிக்கையாளர் தலையில் ஏறுகிறது, உறை விஷயத்தில் முடிவு கடையினுடையது. பைக்குக் காசு வாங்கியதோடு தன் கடமை முடிந்தது என்று நினைக்கும் கடையை நான் நம்புவதில்லை. கிழிந்த கனத்த பையைத் திருப்பிக் கொடுத்தால் புதியது தருகிறதா, உறை இல்லாமல் எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மதிப்பிடுவேன்.

மறதிக்கு மருந்து இருக்கிறதா என்று பலர் கேட்பார்கள். பையைக் கடைக்கு எடுத்துப் போக மறப்பதைவிட, பொருளை இறக்கிய பிறகு பையைத் திரும்ப அதன் இடத்தில் வைக்க மறப்பதுதான் உண்மையான சிக்கல் என்பது என் அனுபவம். பொருளை அடுக்கி முடித்த கையோடு பையை மடித்து வாசற்கதவின் கைப்பிடியில் மாட்டிவிடுவேன். மறுநாள் கதவைத் திறக்கும்போது அது கையில் இடிக்கும்.

பையில் அச்சிட்ட பெயரைப் பற்றிய உங்கள் மனக்குறை எனக்கும் உண்டு. காசும் கொடுத்து, விளம்பரப் பலகையையும் சுமப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது. அவசரத்தில் அப்படி வாங்க நேர்ந்த பைகளை நான் உள்புறத்தை வெளியே திருப்பி எடுத்துப் போகிறேன். தையல் விளிம்பு கொஞ்சம் தெரியும், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.