குட்டி விலை பதினைந்தாயிரம், காது விலை எவ்வளவு?

கேள்வி: வேலூர் காந்தி நகரில் இருக்கிறோம். மகளின் பிடிவாதத்தால், இரண்டு மாதக் காக்கர் ஸ்பானியல் நாய்க்குட்டி ஒன்றை 15,000 ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறோம். விற்பவர், “சாப்பாட்டுச் செலவுதான் சார், வேற ஒண்ணும் வராது” என்கிறார். வைத்தியத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

பதில்: விற்கிறவர் வேறு எப்படிச் சொல்வார்? காக்கர் ஸ்பானியல் சாதாரணமாக 12 முதல் 14 வருஷம் வாழும். வைத்தியத்துக்கு மாதம் ஆயிரம் என்று வைத்தால்கூட 13 வருஷத்துக்கு 1,56,000 ரூபாய், அதாவது குட்டி விலையைப் போலப் பத்து மடங்கு. ஆயிரம் என்பது கணக்குக்காக நான் எடுத்த தொகை. உங்கள் தொகை தெரிய வேண்டுமானால், குட்டியைக் கொண்டுவருவதற்கு முன்பே காட்டப்போகிற டாக்டரிடம் போய் ஒருமுறை பார்க்க, வருஷத் தடுப்பூசிக்கு, கருத்தடைக்கு, மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம் செய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையிலும் விசாரியுங்கள். தடுப்பூசி மாதிரி வழக்கமான வேலைகளுக்கு அங்கே போனால் நிறைய மிச்சமாகும்.

முதல் வருஷம் தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை எல்லாம் சேர்ந்து கை கடிக்கும். கடைசி மூன்று நான்கு வருஷத்தில் பல், கண், இதயம் என்று மறுபடி கடிக்கும். நடுவே செலவு குறைவாகத் தெரியும். அந்த வருஷங்களில்தான் சேர்த்து வைக்க வேண்டும்.

ஆனால் ஸ்பானியலில் அந்த நடு வருஷங்களையும் கெடுப்பது காது. நீளமாகத் தொங்கும் காது, உள்ளேயும் முடி. காற்றோட்டம் கிடையாது. குளிப்பாட்டிவிட்டு ஈரத்தோடு விட்டால் ஈஸ்ட் என்கிற பூஞ்சை வளர்ந்து நாற ஆரம்பிக்கும். எங்கள் வீட்டு நாய்க்கு அப்படி வந்தபோது, பழைய பாட்டிலில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை நானே விட்டேன். நாற்றம் அடங்கியது, நோய் அடங்கவில்லை. ஒரு டாக்டர் ஃபீஸை மிச்சம் பிடிக்கப் போய் நாலு மாதம் அலைந்தேன். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் கேட்கும் சக்தியையே கெடுத்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வருஷக்கணக்கில் முற்றிப்போனால் காதுக்குழாயையே எடுக்கிற ஆபரேஷன்வரை போகும். வாரம் ஒருமுறை காதைத் திறந்து மோந்து பார்ப்பதற்குக் காசு கிடையாது. டாக்டர் சொல்லும் காது கழுவும் திரவத்தை மாதச் செலவில் பால் பாக்கெட் மாதிரி சேர்த்துவிடுங்கள்.

உண்ணி மருந்தும் அப்படித்தான். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். வந்தால் ரத்தப் பரிசோதனை, வாரக்கணக்கில் மாத்திரை, சில நேரம் ரத்தம் ஏற்றுவதுகூட. உண்ணியைத் தடுக்கும் மாத்திரைக்கு நாயின் எடைக்கேற்ப விலை, அதனால் எடை போட்டுவிட்டு வாங்குங்கள்.

கண்ணும் இந்த ஜாதிக்குப் பலவீனம். கண்ணோரம் பட்டாணி அளவுக்குச் சிவந்த சதை பிதுங்குவதை ‘செர்ரி ஐ’ என்பார்கள். புரையும் கண்ணழுத்தமும் வரலாம். சிக்கலான ஆபரேஷன் என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பக்கூடும். நாடெங்கும் இருந்து மனிதர்கள் வைத்தியத்துக்கு வேலூர் வருகிறார்கள், நம் நாய் வேலூரிலிருந்து 140 கிலோமீட்டர் போக வேண்டும்! கார் வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

இன்சூரன்ஸ் எடுப்பதென்றால் குட்டியாக இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே வந்த நோய்க்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். வழக்கமான தடுப்பூசிக்கும் பொதுவாகக் கிடைக்காது. பரம்பரை நோய் சேருமா, காத்திருப்புக் காலம் எவ்வளவு, எந்த வயதுவரை புதுப்பிப்பார்கள் என்ற மூன்றையும் பாலிசியில் எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பரம்பரை நோய் அதில் சேரவில்லையென்றால், ஸ்பானியலுக்கு அந்தப் பாலிசி அரைகுறைதான் என்பது என் கருத்து. அந்த பிரீமியத்தை நீங்களே சேமிக்கலாம். தபால் அலுவலக ஆர்.டி. வேண்டாம், ஐந்து வருஷக் கணக்கு, மூன்று வருஷத்துக்கு முன் மூட முடியாது. நாய் ராத்திரியில் எலி மருந்தைத் தின்றால் அந்தப் பணம் உதவாது. தனி சேவிங்ஸ் கணக்கே போதும்.

சரி, முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் குட்டியின் காதை மோந்து பாருங்கள், தாயையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு முதல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். டாக்டர் கையெழுத்தும் மருந்து ஸ்டிக்கரும் உள்ள அட்டையைத் தராவிட்டால், வேறு குட்டி பாருங்கள்.