பள்ளியில் பிள்ளைக்கு வரும் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? கேமரா வைத்தால் போதுமா?

மகள் படிக்கும் பள்ளியில் மூலைக்கு மூலை கேமரா வைத்திருக்கிறார்கள், இதை நம்பி இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. நான் பார்த்தவரை, பிரச்சினை முற்றுவதற்கு முன்பே பள்ளியில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த அன்றைக்கு என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளை தப்பிக்கிறது.

கேமரா இருப்பது நல்லதுதான். ஆனால் கழிவறையிலும், வீட்டுக்குப் போகும் வழியிலும், ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பிலும் நடப்பது அதில் பதிவாகாது.

வகுப்பாசிரியருக்கு முதல் துப்பு வருகைப் பதிவேடுதான். ஒரு பிள்ளை தொடர்ந்து ஒரே கிழமையில் லீவு போட்டால், அன்றைக்கு யாருடைய பீரியட் என்று பார்க்க வேண்டும். பிரேயர் முடிந்த பிறகே உள்ளே வருகிற பையனைத் திட்டுவதற்கு முன், வழியில் யாருக்காவது பயந்து ஒதுங்கி வருகிறானா என்று விசாரிக்க வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளைக்கு மார்க் இறங்குவது எல்லாம் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் பாதி வருஷம் போயிருக்கும்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். காலையில் கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் வரை அப்படியே நிறைந்திருக்கும். காரணத்தைச் சொன்னவர் சத்துணவு சமைக்கிற அக்கா. கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, பெரிய வகுப்புப் பையன்கள் வெளியே நின்று கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறார்கள், அதனால் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை என்றார். மறுநாளே தாழ்ப்பாள் போட்டோம். இடைவேளையில் ஓர் ஆசிரியை அந்தப் பக்கம் நிற்கும்படி முறை வைத்தோம். பையன்களைத் தலைமையாசிரியர் கூப்பிட்டுப் பேசியபோது எந்தப் பெண்ணின் பெயரும் வரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். யார் சொன்னது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அந்த அக்கா உட்பட.

சொன்ன பிள்ளையைக் காப்பாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாங்குநேரியே சாட்சி. 2023 ஆகஸ்ட். பிளஸ் டூ படித்த பட்டியலின மாணவர், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தது, விஷயம் வெளியே வந்தது, புகாரும் கொடுக்கப்பட்டது. கண்டுபிடிக்கும் வேலை அங்கே நடந்துவிட்டது, பாருங்கள். ஆனால் புகார் போன கையோடு, இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

அதன் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடை செய்வது பற்றியே எல்லோரும் பேசினார்கள். 500 மாணவர்களுக்கு மேல் உள்ள மேல்நிலை, உயர்நிலைப் பள்ளிகளில் தனியாக ஒரு நல அலுவலர் வேண்டும் என்றும் அதில் இருந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பாடம், எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றுவது, தேர்தல் வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் இதைப் பார்க்கிற ஆசிரியரால் ஒரு புகாரைக் கடைசிவரை பின்தொடர முடிவதில்லை.

பாலியல் தொல்லை என்றால் சட்டம் இன்னும் தெளிவு. 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே போலீசில் சொல்ல வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் பற்றிய விஷயத்தை மறைத்தால் 1 வருஷம் வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது. 'பள்ளிப் பெயர் கெட்டுவிடும், முதலில் நாங்களே விசாரிக்கிறோம்' என்று யாராவது சொன்னால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கட்டடமும் வண்டியும் இதே கதைதான். 2004-இல் கும்பகோணத்தில் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பள்ளியின் கூரைக் கொட்டகை எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. 2012-இல் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. வண்டியில் எதைப் பார்த்தாலும் உடனே சொல்லும்படி மகளிடம் சொல்லிவையுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேமரா எத்தனை என்று கேட்க வேண்டாம். என் பிள்ளை புகார் சொன்னால் யார் வாங்குவார்கள், சொன்னது யார் என்று யாருக்கெல்லாம் தெரியும், அன்று சாயங்காலம் அவள் யாரோடு வீடு திரும்புவாள் என்று கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால், பிள்ளைகள் குறையை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். பதில் சரியாக வரவில்லையா, பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதிக் கொடுங்கள். அப்புறம், 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14417 பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். இரண்டையும் மகளுக்கு மனப்பாடம் ஆக்கிவிடுங்கள்.