சின்ன நீராவி எஞ்சின் சக்கரத்துக்கு எந்த வார்ப்பிரும்பு?

5 அங்குல கேஜ் (தண்டவாள இடைவெளி) மாடல் ரயில் நீராவி எஞ்சின் கட்டுகிறவர்கள் சக்கரம் பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

கேள்வி: அண்ணா, ஃபவுண்டரியில் சாதா வார்ப்பிரும்பான கிரே அயர்னுக்கு எஃப்ஜி 200, 260, 300 என்று கிரேடு கேட்கிறார்கள். பலமாக இருக்கட்டும் என்று 300 சொல்லிவிடவா?

வேண்டாம், 200 போதும். ஒரு சதுர மில்லிமீட்டர் எத்தனை நியூட்டன் இழுவையைத் தாங்கும் என்பதுதான் அந்த எண். அதை 30 மி.மீ. கனத்தில் தனியாக வார்த்த கம்பியில் சோதிப்பார்கள். உங்கள் சக்கரத்தின் ஆரக்காலோ 6, 7 மி.மீ.தான் இருக்கும். மெலிந்த இடம் சீக்கிரம் ஆறிவிடும். அப்போது கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரமில்லாமல் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கடினப் பொருள் ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் லேத்தின் வெட்டும் டூல் இறங்காது. 300இல் பொதுவாகக் கார்பனும் சிலிக்கானும் குறைவு, அதனால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

கிரேடு சொல்வதோடு நிறுத்தாதீர்கள். பேட்டர்னை, அதாவது மணலில் அச்சு எடுக்கும் மாதிரி வடிவத்தை, கையில் கொடுத்து ஆரக்காலைக் காட்டுங்கள். மறுநாள் வரை மணலுக்குள்ளேயே ஆறட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் முதல் செட்டை வார்த்த அன்று மாலையே மணல் அச்சை உடைத்து எடுத்துவிட்டார்கள். லேத்தில் போட்டால் ஃபிளாஞ்ச் (சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகாமல் தடுக்கும் விளிம்பு) ஓரத்தில் டூல் கிறீச்சிடுகிறது, தூளே வரவில்லை, ஓரம் மட்டும் வெள்ளிபோல் பளபளக்கிறது. ஆறு சக்கரமும் அப்படித்தான்.

கேள்வி: எனக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. தூக்கிப் போடவா?

போடாதீர்கள். ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் இடத்தில் 900 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டு மணி நேரம் வைத்து, உலையோடு உலையாக ஆறவிடச் சொல்லுங்கள். சிமென்டைட் உடைந்து கிராஃபைட் ஆகிவிடும். கடைசலுக்கு முன்பே செய்துவிடுங்கள், மேல்தோல் செதிலாக உரியும்.

கேள்வி: பழைய எடைக்கல், டம்பெல் தட்டு இதையெல்லாம் கடையலாமா?

நான் செய்ய மாட்டேன். அதில் என்ன இரும்பு போனது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே ஓட்டையும் கடின முடிச்சும் இருக்கலாம். ஆரக்கால் இல்லாத வேகன் சக்கரம்தான் வேண்டுமென்றால் கன்டினியூஸ் காஸ்ட் (மணல் அச்சில்லாமல் தொடர்ச்சியாக வார்த்து இழுத்த) உருளை வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள். அதில் மணலே இருக்காது, வெண்ணெய்போல் கடையும்.

கேள்வி: எஸ்ஜி அயர்ன் உடையாது என்கிறார்களே?

உண்மைதான், அது எளிதில் உடையாத இன்னொரு வகை வார்ப்பிரும்பு. அதில் கிராஃபைட் செதிலாக இல்லாமல் உருண்டையாக இருக்கும். ஆனால் இந்தச் சக்கரத்துக்கு அந்தக் கெட்டித்தனம் தேவைப்படாது. கொடுத்தது எதுவென்று சந்தேகமா? வார்ப்பைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். எஸ்ஜி மணிபோல் ஒலிக்கும், சாதா கிரே அயர்ன் மந்தமாகச் சத்தம் கொடுத்து அடங்கிவிடும்.

கேள்வி: நிஜ எஞ்சினில் எஃகுதானே?

ஆமாம், பெரும்பாலும் வார்ப்பு எஃகு நடுப்பகுதி. அதன்மேல் சூடாக்கி ஏற்றிய எஃகு டயர். தேய்ந்தால் டயரை மட்டும் மாற்றலாம். நம் அளவில் அவ்வளவு தேய்மானம் இல்லை, ஒரே வார்ப்பாகச் செய்வதே சரி.

கேள்வி: பேட்டர்ன் எவ்வளவு பெரிதாக வேண்டும்?

வார்ப்பு ஆறும்போது வரும் சுருக்கத்துக்கு நூற்றுக்கு ஒன்று. முடிவில் 150 மி.மீ. விட்டம் என்றால் கடைசலுக்குப் பக்கத்துக்கு 3 சேர்த்து 156, சுருக்கமும் சேர்த்து ஏறக்குறைய 157.5.

கேள்வி: முதல் கட் எப்படி?

கார்பைட் டூல், வார்ப்பிரும்புக்கான கே20 ரகம், எண்ணெய் இல்லாமல். தோலை மெதுவாகச் சுரண்டினால் ஒட்டியிருக்கும் மணல் டூல் முனையைத் தின்றுவிடும். ஒரே கட்டில் தோலுக்கு அடியில் இறங்குங்கள். கறுப்புத் தூள் பறக்கும். லேத் படுகையைத் துணியால் மூடி, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் உருளும் ஓடுதளத்துக்கு 20க்கு 1 சரிவு, அதாவது 3 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி.

கேள்வி: சக்கரத்தை அச்சுத்தண்டில் இறுக்கி அடித்து ஏற்றலாமா?

வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையை அவ்வளவு தாங்காது. ரொம்ப இறுக்கினால் குடம் (சக்கரத்தின் நடுப்பகுதி) பிளந்துவிடும், அதுவும் தள்ளுகோலை மாட்டும் கிராங்க் பின் துளைப் பக்கம்தான் முதலில் விரியும். வழுக்கிப் போகும் அளவுக்குக் கடைந்து லாக்டைட் 638 என்ற பசை போடுங்கள். சில நிமிடங்களில் பிடித்துவிடும், ஆகவே இரு பக்கக் கிராங்கையும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் நிறுத்தும் ஜிக்கை (பிடிப்புச் சட்டத்தை) முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.