தம்பிக்கு எந்தக் கோப்பு மேலாளர்?
தண்டையார்பேட்டை நண்பருக்கு,

பார்வையற்ற உங்கள் தம்பி புதிதாக நிறுவிய இரட்டைப் பலகக் கோப்பு மேலாளரில் (இரண்டு கோப்புப் பட்டியல்களை அருகருகே காட்டும் நிரல்) அம்பு விசையை அழுத்தினால், கோப்பின் பெயரைச் சொல்லாமல் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் நிரல்) ‘பேன்’ (pane, அதாவது பலகம்) என்று மட்டும் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பட்டியலைத் தன் இஷ்டத்துக்கு வரைந்துகொள்ளும் நிரல்களில் இந்தத் தொல்லை உண்டு. நம் கண்ணுக்குப் பெயர் தெரியும்; திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் சரி, அந்த நிரலை நீக்கிவிடுங்கள்.

விண்டோஸோடு வரும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரே போதும் என்பேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விவரக் காட்சி வரும். பெயரோடு தேதி, அளவு எல்லாம் வாசிக்கப்படும். பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் அந்தக் கோப்புக்கே தாவிவிடும். முகவரிப் பட்டைக்கு ஆல்ட், டி (D). பெயர் மாற்ற எஃப்2. இரண்டு பலகம்தான் வேண்டுமென்றால் கண்ட்ரோல், என் (N) அழுத்தி இன்னொரு சாளரம் திறந்து, ஆல்ட், டேப் வழியாக மாறிக்கொள்ளலாம்.

அப்படியும் வேறு நிரல் வாங்குவதானால் தம்பியையே கடைக்கு அழைத்துப் போங்கள். என்விடிஏ இலவசம், பென் டிரைவிலேயே எடுத்துச் சென்று இயக்கலாம். மவுஸைத் தொடாமல் அவரே நான்கு கோப்புகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.