தனி டாக்டராக ஒரு வாரம்: இப்போது போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு ஆஸ்திரேலியாவில் வைக்கும் ஏஎம்சி தேர்வில் முதல் கட்டம் முடித்து, சிட்னியில் ஒரு எமர்ஜென்சி பிரிவில் ஏழு மாதமாக மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள். நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடியில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு ஒரு வாரம் லோக்கம் டாக்டர் (தற்காலிகமாக வந்து பார்ப்பவர்) வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் விடாமல் கூப்பிடுகிறார். ஒரு நாளுக்கு அவர் சொல்லும் தொகை நீங்கள் இப்போது வாங்குவதைவிடப் பல மடங்கு. "போகலாமா அக்கா? இவர்கள் எப்படித்தான் ஆள் எடுக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது போக முடியாது. போகவும் கூடாது. உங்களிடம் இருப்பது லிமிடெட் ரெஜிஸ்ட்ரேஷன். மெடிக்கல் போர்டு ஒப்புக்கொண்ட ஒரு வேலைக்கும் ஒரு மேற்பார்வையாளருக்கும் அது கட்டுப்பட்டது. அதைத் தாண்டி வேறு ஊரில் ஒரு நோயாளியைத் தொட்டாலும் உங்கள் பதிவுக்கே ஆபத்து. ஏஜென்சிக்காரர் இதைக் கவனித்திருக்க மாட்டார். ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) ஓட்டை விழுந்ததும் மருத்துவமனை நாலைந்து ஏஜென்சிகளுக்கு ஒரே நாளில் சொல்லிவிடும். அவர்கள் பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் குறுஞ்செய்தி போகும். உங்களைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டதாக நினைக்க வேண்டாம்.

பதில் சொன்ன டாக்டரின் சிவியை ஏஜென்சி மருத்துவமனைக்கு அனுப்பும். அங்கே மெடிக்கல் டைரக்டர் பார்ப்பார். அண்மையில் உங்களோடு வேலை செய்த சீனியர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசுவார்கள். அப்புறம் கிரெடென்ஷியலிங்: நீங்கள் எதையெல்லாம் தனியாகச் செய்யலாம் என்று அந்த மருத்துவமனை எழுத்தில் முடிவு செய்வது. சரியாகச் சரிபார்க்காமல் ஒரு அறுவை மருத்துவரை எடுத்ததற்காக 2005இல் குயின்ஸ்லாந்தின் பண்டபெர்க் மருத்துவமனை பற்றி நடந்த விசாரணைக்குப் பிறகு இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2010இலிருந்து நாடு முழுக்க ஒரே பதிவு என்றாலும், கிரெடென்ஷியலிங் அந்தந்த வட்டாரத்துக்குத் தனித்தனிதான். போலீஸ் சான்றிதழ், தடுப்பூசி விவரம், குழந்தைகளோடு வேலை செய்வதற்கான அனுமதி எல்லாம் கையில் தயாராக இருக்க வேண்டும். ஏஜென்சியின் கமிஷனை மருத்துவமனை தரும், டாக்டர் எதுவும் தர வேண்டியதில்லை. பயணம், தங்குமிடம் பெரும்பாலும் அவர்கள் செலவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்களைக் கேட்காமல் சிவியை எங்கும் அனுப்பக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு ஏஜென்சிகள் ஒரே வேலைக்கு உங்கள் பெயரை அனுப்பினால் தகராறில் உங்களையே ஒதுக்கிவிடுவார்கள்.

பத்து வருட மொரட்டோரியம் பற்றியும் பயந்திருக்கிறீர்கள். அது வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு மெடிகேர் புரொவைடர் நம்பர் (அரசு மருத்துவக் காப்பீட்டில் கட்டணம் பெறுவதற்கான எண்) தருவது சம்பந்தப்பட்ட விதி. அரசு மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதை அது தடுப்பதில்லை.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நான் முதல் லோக்கம் போனது இந்த நாட்டுக்கு வந்து ஆறாவது வருடம், குயின்ஸ்லாந்தின் மேற்கே. "இன்னொரு டாக்டரும் இருப்பார்" என்று ஏஜென்சியில் சொன்னார்கள். அவர் இருப்பது நூறு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊரில் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் இரவு, பண்ணையில் வேலை செய்யும் ஒருவர் நெஞ்சு வலியோடு தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். ஈசிஜியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, முழு மாரடைப்பு. நகரத்தில் என்றால் இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேபுக்கு நேரே தள்ளிக்கொண்டு போயிருப்போம். அங்கே அது விமானத்தில் போக வேண்டிய தூரம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் ஊசி போட வேண்டும், நான் அதுவரை என் கையால் போட்டதில்லை. இரவுப் பணியில் இருந்த நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் நோயாளியின் எடையை எழுதி, டோஸ் அட்டவணையை என் முன்னால் வைத்தார். போனில் இதய நிபுணர் இருந்தார். ஊசி போட்டு முக்கால் மணி நேரத்தில் நோயாளியின் இதயம் துடிப்பு தவறி நின்றது. ஒரே ஷாக்கில் திரும்பி வந்தார். விமானம் வரும்வரை நான்கு மணி நேரம் அவர் கட்டிலைவிட்டு நான் நகரவில்லை. அவர் பிழைத்தார். ஆறு வருட அனுபவத்தோடு போன எனக்கே விடியும்போது கை நடுங்கியது. ஏழு மாதத்தில் உங்களை அங்கே நிறுத்த எனக்கு மனம் வராது.

கடந்த மூன்று வருடமாக ஒரு கிராமத்து மருத்துவமனைக்கு லோக்கம் தேர்வு செய்யும் குழுவில் நானும் இருக்கிறேன். எல்லாரிடமும் நான் கேட்கும் கேள்வி: "உங்களுக்கு எது வராது?" "குழந்தைக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டுப் பழக்கமில்லை, அந்த நேரத்தில் உடனே போன் செய்வேன்" என்று சொல்பவரை எடுத்துக்கொள்வேன். எல்லாம் வரும் என்பவரை எடுக்கத் தயங்குவேன்.

நீங்களும் திருப்பிக் கேட்க வேண்டியவை உண்டு. இரவில் மருத்துவமனையில் எத்தனை நர்ஸ், அதில் அனுபவசாலி யார்? ரத்தம் எத்தனை யூனிட் இருக்கிறது? எக்ஸ்ரே யார் எடுப்பார்கள்? பல இடங்களில் சிடி ஸ்கேன் இருக்காது, லேப் இருக்காது, கையடக்கக் கருவியில் ரத்தம் பார்ப்பதோடு சரி. இருபத்துநாலு மணி நேர ஆன் கால் தொடர்ந்து எத்தனை நாள்? இரவு முழுக்கத் தூங்காவிட்டால் மறுநாள் யார் பார்ப்பார்கள்? போகும் டாக்டர் உங்களிடம் நேரில் ஒப்படைத்துவிட்டுப் போவாரா?

நோயாளியை எந்த நகரத்துக்கு அனுப்புவார்கள் என்பதையும் கேளுங்கள். ப்ரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறது. ஆனால் கடிகாரம் அடிலெய்டு நேரம், நோயாளிகள் போவதும் பெரும்பாலும் அடிலெய்டுக்கு. சிட்னி நினைப்பில் போனால் முதல் அவசரத்தில் தடுமாறுவீர்கள். விமானத்தில் டாக்டரை அனுப்பி நோயாளியை ஏற்றிவரும் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் 1928இல் குயின்ஸ்லாந்தின் க்ளோன்கரியில் தொடங்கியது முதல் இந்த ஊர்களின் உயிர் அந்த விமானத்தை நம்பித்தான் இருக்கிறது. அதுவும் மழையிலும் இரவிலும் தாமதமாகும். அதனால் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் ரிட்ரீவல் குழுவைச் சீக்கிரம் கூப்பிடுங்கள். கடைசியில் தேவைப்படாமல் போனால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் பார்ப்பவர்களில் பழங்குடி மக்கள் பலர் இருப்பார்கள். காத்திருந்து பாதியில் எழுந்து போய்விட்டால் அவர்கள்மீது கோபப்படாதீர்கள். பழைய மருத்துவமனை அனுபவங்கள் அவர்களுக்கு நல்லதாக இருந்ததில்லை. பழங்குடி சுகாதாரப் பணியாளர் இருந்தால் முதல் நாளே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நோயாளி இருப்பார். வாராவாரம் புது முகத்திடம் முதலிலிருந்து கதை சொல்லி அந்த ஊர்க்காரர்கள் களைத்துப் போயிருக்கிறார்கள். பிற்காலத்தில் போகும்போது ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். வருடத்துக்கு நான்கு வாரம் போனாலும் உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியும். அப்புறம், சாயங்காலத்துக்கு மேல் காட்டுச் சாலையில் வண்டி ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஏஎம்சி இரண்டாம் கட்டத்தை முடித்து ஜெனரல் ரெஜிஸ்ட்ரேஷன் (இப்படி ஒரே வேலைக்குக் கட்டுப்படாத பதிவு) வாங்குங்கள். மயக்க மருந்து, ஐசியு, குழந்தைகள் பிரிவு மூன்றிலும் சில மாதம் கேட்டு வாங்குங்கள். ஈஎம்எஸ்டி (பெரிய காயங்களுக்கான அவசர சிகிச்சை), ஏபிஎல்எஸ் (குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை) பயிற்சிகளை முடியுங்கள். பிறகு முதலில் இரண்டு டாக்டர்கள் இருக்கும் ஊருக்குப் போங்கள். அந்த நேரம் வந்ததும் எனக்கு எழுதுங்கள், எங்கள் மருத்துவமனையிலேயே என்னோடு சேர்ந்து இருக்கும்படி முதல் வாரத்தை ஏற்பாடு செய்கிறேன்.

ஏஜென்சிக்காரருக்கு இன்றே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: என் பதிவு லிமிடெட், மேற்பார்வை இல்லாத வேலை ஏற்க முடியாது, என் சிவியை எங்கும் அனுப்ப வேண்டாம்.