லா மதலேனா தீவுகளில் படகுப் பயணத்தின் வழி ஏன் அன்றன்று மாறுகிறது?

இத்தாலியின் சார்டினியாவுக்கு வடக்கே உள்ள இந்தத் தீவுக்கூட்டத்தில் ஒருநாள் படகுப் பயணம் என்றால், காலையில் பலாவ் துறைமுகத்தில் ஏறி, ஸ்பார்ஜி, சாந்தா மரியா போன்ற தீவுகளில் இரண்டு மூன்று இடங்களில் நின்று குளித்துவிட்டு மாலையில் திரும்புவது. எந்தக் கடற்கரை என்பதைப் பெரும்பாலும் காற்றுதான் முடிவு செய்கிறது.

வடமேற்கிலிருந்து வரும் மிஸ்ட்ரல் காற்று, கோர்சிகாவுக்கும் சார்டினியாவுக்கும் நடுவே உள்ள பொனிஃபாசியோ நீரிணையில் நெருக்குண்டு இன்னும் வேகமெடுக்கும். மழைச்சாரல் அடித்தால் வீட்டின் மறுபக்கத் திண்ணைக்கு மாறி உட்காருவோமே, அதேதான். படகோட்டி தீவின் தென்கிழக்குப் பக்கம் போய் நங்கூரம் போடுவார். ஒரே தீவுதான், அந்தப் பக்கம் கிரானைட் பாறையில் நுரை சிதறும், இந்தப் பக்கம் அடிமணலில் படகின் நிழல் தெளிவாகத் தெரியும். வழியை மாற்றினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அப்புறம், புதெல்லி தீவின் இளஞ்சிவப்புக் கடற்கரையில் இறங்கலாம் என்று பலர் நம்பி வருகிறார்கள். முடியாது, 1990களிலிருந்தே தடை. கடற்புல்லில் வாழும் மிகச் சிறிய உயிரியின் ஓட்டுத் துகள்கள்தான் அந்த நிறம். ஆட்கள் மணலை அள்ளிப் போனதால் அது மங்கியது. தள்ளி நின்றுதான் பார்க்கலாம்.