ஒற்றைப் படிகம் கிடைக்காவிட்டால் அணைவுச் சேர்மத்தின் அமைப்பைச் சொல்லவே கூடாதா?

முதுநிலைத் திட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, வழிகாட்டி ஒன்று சொல்ல வெளித்தேர்வாளர் வேறொன்று சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லலாம். எந்த உலோகம் என்பதுதான் முக்கியம். (அணைவுச் சேர்மம் என்றால் நடுவில் ஓர் உலோக அயனி, அதைப் பிடித்திருக்கும் மூலக்கூறுகள்தான் ஈனிகள். அதன் வடிவத்தை எக்ஸ் கதிரால் நேரடியாகக் காணத்தான் ஒற்றைப் படிகம்.)

நான் செய்தது சாலென் என்ற ஈனி, இரண்டு நைட்ரஜனாலும் இரண்டு ஆக்சிஜனாலும் உலோகத்தைப் பிடிப்பது. சூடான எத்தனாலில் சாலிசிலால்டிகைடு 2 மோல், எத்திலீன்டைஅமீன் 1 மோல். அமீனை ஊற்றிய சற்று நேரத்தில் குடுவை முழுக்கப் பளபளக்கும் மஞ்சள் செதில்கள். அதனுடன் நிக்கல் அசிட்டேட்டைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் பச்சை மறைந்து ஆரஞ்சுச் சிவப்பில் வீழ்படிவு இறங்கும். அதைச் சதுரத்தளம், அதாவது நிக்கலைச் சுற்றி நான்கு அணுக்கள் ஒரே தளத்தில் சதுரமாக, என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அறிக்கையைப் புரட்டக்கூட இல்லை. "படிகத் தரவு இல்லையா? அப்படியானால் சதுரத்தளம் என்பது உங்கள் கற்பனை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நிக்கல்(II) டி8 அயனி, அதாவது டி ஆர்பிட்டால்களில் எட்டு எலக்ட்ரான்கள். வடிவம் நான்முகியோ எண்முகியோ ஆனால் இரண்டு எலக்ட்ரான்கள் இணையாமல் நிற்கும், காந்தம் இழுக்கும். சதுரத்தளமானால் எல்லாம் ஜோடி சேர்ந்துவிடும், காந்தம் லேசாகத் தள்ளும். இந்தக் காந்தத்தன்மையை எடை மாற்றமாகக் காட்டும் எங்கள் கூய் தராசில் காந்தப்புலம் கொடுத்ததும் எடை கூடவில்லை, இம்மியளவு குறைந்தது. அணுக்கருக் காந்த நிறமாலையில் கோடுகள் கூர்மையாக இருந்தன, இணையாத எலக்ட்ரான் இருந்தால் அவை அகன்று போயிருக்கும். ஈனியில் 13 பிபிஎம் அருகே நின்ற ஃபீனால் ஹைட்ரஜன் காணாமல் போயிருந்தது, அதன் ஆக்சிஜன் உலோகத்தோடு பிணைந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவுக்குப் பிறகும் சதுரத்தளம் என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவது? கேட்டேன். பேசாமல் கையெழுத்துப் போட்டார். மதிப்பெண்ணில் கைவைத்தாரா என்பது வேறு கதை.

படிகவியலே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். பிணைப்பு நீளமும் கோணமும் வேண்டுமென்றால் வேறு வழியில்லை. அதே ஈனியில் தாமிரத்தை வைத்துப் பாருங்கள். தாமிரம்(II) டி9, எந்த வடிவமானாலும் ஒரே ஓர் இணையாத எலக்ட்ரான்தான், ஆகவே காந்தத் தரவு வடிவத்தைக் காட்டிக்கொடுக்காது. அகச்சிவப்பில் 1630 செ.மீ⁻¹ அருகே இருக்கும் இமீன் (C=N) பட்டை கீழே இறங்கினால் நைட்ரஜன் பிணைந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். திண்ம நிலையில் இரண்டு மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்து, ஒன்றின் தாமிரம் மற்றதன் ஃபீனால் ஆக்சிஜனைப் பிடித்திருப்பதை எக்ஸ் கதிர்ப் படிகவியல்தான் காட்டியது. அகச்சிவப்பை மட்டும் வைத்துத் தாமிரத்துக்கும் சதுரத்தளம் என்று எழுதி, பாக்டீரியாவைக் கொல்கிறது என்று காட்ட வளர்ப்புத் தட்டின் புகைப்படம் ஒன்றை ஒட்டிக் கட்டுரை அனுப்புகிறவர்களிடம் அந்தத் தேர்வாளர் கோபப்பட்டால் நானும் கை தட்டுவேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எத்தனாலுக்குப் பட்ட பாடுதான் இன்னும் ஆறவில்லை. கலால் அனுமதியில் வரும் சரக்கு என்பதால் துறைத்தலைவர் அறை பீரோவில் பூட்டியிருக்கும். 50 மில்லிக்கும் பதிவேட்டில் கையெழுத்து, எதற்கு என்று ஒரு விசாரணை. சாவிக்காரர் விடுப்பு என்றால் அன்று வேலையும் விடுப்பு. மெத்தனாலில் செய்திருக்கலாமே என்று கேட்கப்போகிறவர்களுக்கு: செய்திருக்கலாம், அதுவும் அதே பீரோவில்தான் இருந்தது.